போவதா, இருப்பதா: பெரிய முடிவும் அதன் பயமும்

பர்மாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரிய முடிவு என்றால் பெரும்பாலும் ஒரே முடிவுதான்: போவதா, இருப்பதா. 1942-இல் ஜப்பானியப் படையோடு அது வந்தது. 1948-இல் குடியுரிமை மனுவாக வந்தது. 1964-இல் கப்பல் டிக்கெட்டாக வந்தது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவப் பணிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப்போவதாக ராணுவ அரசு அறிவித்த பிறகு மறுபடியும் வந்திருக்கிறது. 18 முதல் 35 வயது வரை ஆண்கள், 18 முதல் 27 வயது வரை பெண்கள் என்கிறது சட்டம். ரங்கூனில் அந்த வயதில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதைத் தவிர வேறு பேச்சைக் கேட்பது அரிது.

முடிவு எதுவானாலும் சரி, கடையை மூடுவதோ, கல்யாணமோ, நாட்டை விட்டுக் கிளம்புவதோ, அதன் முன்னால் வருகிற பயம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. அந்த வேலையைப் புரிந்துகொள்வது முக்கியம் என்று நினைக்கிறேன். "தைரியமா இரு" என்று சொல்லி யாருக்கும் தைரியம் வந்து நான் பார்த்ததில்லை. பயம் எதனால் ஆனது, எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று தெரிந்துகொண்டவர்கள் நிதானமாக முடிவெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் முன்னோர் வரலாற்றில் இதற்கான பாடங்கள் நிறையக் கிடக்கின்றன.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்

பயம் முதலில் உடம்பில்தான் தெரியும். மூளையின் உள்ளே அமிக்டலா என்றொரு சின்னப் பகுதி ஆபத்தை மோப்பம் பிடித்ததும் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, தூக்கம் போகிறது. பாம்பைக் கண்டால் இந்த ஏற்பாடு நல்லது, ஓடித் தப்பிக்கலாம். வெளிநாட்டு வேலைக்கு ஒப்புக்கொள்ளலாமா என்ற கேள்வியிலிருந்து எங்கே ஓடுவது? ஓடுவதற்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது. அப்படிச் சொன்ன நிமிடமே நெஞ்சு லேசாகிவிடும்.

சிக்கலே அந்த லேசான உணர்வில்தான் இருக்கிறது. ஹோபர்ட் மவுரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940களில் இதை விளக்கினார். பயந்த விஷயத்தைத் தவிர்த்தால் நிம்மதி கிடைக்கிறது. நிம்மதி ஒரு பரிசு. பரிசு கிடைத்த செயலை மனம் திரும்பத் திரும்பச் செய்யும். அதனால் ஒவ்வொரு முறை தள்ளிப்போடும்போதும் தள்ளிப்போடும் பழக்கம் உறுதிப்படுகிறது, பயம் குறையவே வாய்ப்பில்லாமல் போகிறது. தள்ளிப்போடுகிறவருக்குத் தான் இன்னும் எந்த முடிவும் எடுக்கவில்லை என்றுதான் தோன்றும்.

1948 ஜனவரி 4-ஆம் தேதி பர்மா சுதந்திரம் பெற்றபோது இங்கிருந்த இந்தியர்களுக்கு ஒரு வழி திறந்திருந்தது. 1942-க்கோ சுதந்திரத்துக்கோ முந்தைய 10 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் இந்த நாட்டில் வாழ்ந்தவர்கள், இங்கேயே தங்கும் எண்ணம் இருந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் மனு கொடுத்துக் குடியுரிமை கேட்கலாம். ஏராளமானவர்கள் கொடுக்கவில்லை. ராமநாதபுரத்திலோ தஞ்சாவூரிலோ கொஞ்சம் நிலம் இருந்தது, பர்மாக்காரன் ஆகிவிட்டால் அது என்னாகும் என்று சிலர் பயந்தார்கள். சிலருக்குப் பர்மிய மொழியில் விண்ணப்பம், அலுவலகம், அதிகாரி எல்லாமே பயம். மனு கொடுக்காமல் இருந்தால் இரண்டு நாட்டு வாசலும் திறந்திருக்கும் என்று நினைத்தவர்கள்தான் அதிகம்.

எங்கள் தாத்தாவும் அப்படி நினைத்தவர். அவருடைய அந்நியர் பதிவுப் புத்தகம் இன்னும் எங்கள் வீட்டில் ஒரு துணிப்பைக்குள் இருக்கிறது. எப்ஆர்சி என்றுதான் அதை வீட்டில் சொல்வோம். பக்கத்துக்குப் பக்கம் புதுப்பித்த முத்திரைகள். சில வருஷம் ஊதா மை, சில வருஷம் கறுப்பு, ஒன்றிரண்டு பாதி பதிந்து பாதி பதியாமல். ஓரத்தில் அவர் கையெழுத்து தமிழில். ஒவ்வொரு வருஷமும் போய் வரிசையில் நின்று, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று முத்திரை வாங்கி வந்திருக்கிறார். அப்புறம் 1982-இல் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், குடியேற்றக் குடிமக்கள் என்று மூன்று தரம், இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிற அட்டைகள். 1948-இலேயே மனு போட்டு வைத்திருந்தவர்களுக்கு நீல அட்டை கேட்க ஒரு பிடி இருந்தது. போடாதவர்களின் பிள்ளைகள், இங்கேயே பிறந்தவர்களாக இருந்தும், ஆவணத்துக்கு ஆவணம் அலைந்தார்கள்.

தாத்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு மனு போடுவதன் நஷ்டம் கண்ணுக்குத் தெரிந்தது, போடாததன் நஷ்டம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆனால் போடாமல் இருந்ததும் ஒரு முடிவுதான் என்பதை அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் எனக்குச் சொல்கிறது.

எது தெரிகிறது, எது தெரிவதில்லை

டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொடுகிறது. பர்மியப் பணத்தில் ஒரு லட்சம் சாட் கிடைக்கும்போது வரும் சந்தோஷத்தைவிட ஒரு லட்சம் சாட் தொலையும்போது வரும் வேதனை பெரிது. 1992-இல் அவர்களே போட்ட கணக்கில் அது சுமார் இரண்டேகால் மடங்கு. 1988-இல் சாமுவேல்சன், ஸெக்கௌஸர் என்ற இருவர், இருக்கிற நிலையிலேயே இருந்துவிடத்தான் மனிதர் அதிகம் சாய்கிறார்கள் என்று காட்டினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பயம் ஒரு பக்கமாக மட்டுமே பார்க்கிறது என்பது புரியும். போனால் எதை இழப்போம் என்று வரிசையாகச் சொல்லிவிடும்: வீடு, அம்மா கைச் சாப்பாடு, கோயில் திருவிழா, பர்மிய சிநேகிதிகள், தெருமுனையில் மொகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் கடை. இருந்தால் எதை இழப்போம் என்று கேட்டால் வாயைத் திறக்காது. அந்த இழப்பு மெல்ல மெல்ல வரும். எந்த ஒரு நாளையும் குறிப்பிட்டு, அன்றைக்குத்தான் போனது என்று சொல்ல முடியாது.

அதனால் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் முதலில் கேட்பது இதுதான்: போவதன் செலவை எழுதிவிட்டாய், சரி. இருப்பதன் செலவு எங்கே? அதே தாளில், அதே ஐந்து வருஷத்துக்கு எழுது.

1964-இல் அப்படி உட்கார்ந்து எழுத யாருக்கும் அவகாசம் இல்லை. 1962 மார்ச் 2-ஆம் தேதி ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின்னின் அரசு, 1964 மார்ச் 19-ஆம் தேதி ரங்கூன் கடைகளைத் தேசியமயமாக்கியது. மே 17-ஆம் தேதி 50 சாட், 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. கடை போயிற்று, கையில் இருந்த காசும் போயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். நகை, பணம் எடுத்துப்போகக் கடுமையான கட்டுப்பாடு. கப்பலேறும் பெண்கள் காதில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன கதை இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை.

எங்கள் சின்னத் தாத்தா தமிழ்நாட்டுக்குக் கிளம்பினார். தாத்தா கிளம்பவில்லை. ஆச்சி, "பொறந்த புள்ளையெல்லாம் இங்க பொறந்துச்சு, நான் எங்க போவேன்" என்று பாயில் உட்கார்ந்துவிட்டாராம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கடையில் நின்றவர்கள், ஒரே செய்தியைக் கேட்டவர்கள், இரண்டு வேறு முடிவு எடுத்தார்கள். யார் எடுத்தது சரி? இந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பம் சொல்லும் பதில் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே இருந்தது. சின்னத் தாத்தா குடும்பம் முகாமிலும் பிறகு ஒரு பெட்டிக்கடையிலும் கஷ்டப்பட்ட காலத்தில், "நீங்க அங்கேயே இருந்தது நல்லதாப் போச்சு அண்ணே" என்று கடிதம் வந்தது. 1987 செப்டம்பரில் இங்கே 25, 35, 75 சாட் நோட்டுகளும் செல்லாமல் போய், 1988-இல் தெருவெல்லாம் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது, "நீ போனதே நல்லது தம்பி" என்று இங்கிருந்து கடிதம் போயிற்று. 2011-க்குப் பிறகு ரங்கூனில் புதுக் கட்டடங்கள் எழும்பியபோது மறுபடி மாறியது. ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரி 1-க்குப் பிறகு இன்னொரு முறை.

பயம் நம்மிடம் கேட்கிற கேள்வி, "தப்பான முடிவா எடுத்துட்டா?" என்பது. எங்கோ ஒரு சரியான விடை ஏற்கெனவே இருக்கிறது, நாம் அதைக் கண்டுபிடிக்கத் தவறிவிடுவோம் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அறுபது வருஷமாக எங்கள் வீட்டில் அந்த விடை கிடைக்கவில்லை. விளைவை வைத்து முடிவை எடைபோடும் இந்தப் பழக்கத்தை ஜோனதன் பாரன், ஜான் ஹெர்ஷி என்ற இரு ஆய்வாளர்கள் 1988-இல் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே முடிவு, ஒரே தகவல்கள். ஆனால் விளைவு நன்றாக அமைந்தது என்று சொன்னால் முடிவெடுத்தவர் புத்திசாலி என்றார்கள், கெட்டுப்போனது என்று சொன்னால் அவரையே குறை சொன்னார்கள். முடிவெடுத்த நாளில் தெரியக்கூடியதைத் தெரிந்துகொண்டாரா, தன்னோடு பாதிக்கப்படுகிறவர்களைக் கேட்டாரா என்பதுதான் நியாயமான அளவுகோல். மீதியைக் காலம் பார்த்துக்கொள்ளும். நம் பொறுப்பு எதுவரை என்று ஓர் எல்லை தெரிந்தாலே பயம் கொஞ்சம் அடங்கும்.

மோரே என்ற எல்லையோர ஊரை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். தமிழ்நாட்டுக்குத் திரும்பிய பர்மாத் தமிழர்களில் சிலருக்கு அங்கே ஒட்டவில்லை. பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வழியாக நடந்தார்கள். எல்லையில் பர்மிய அதிகாரிகள் விடவில்லை. எல்லையோரத்து மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். இன்று அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் கோபுரம் எழுந்து நிற்கிறது, அந்த ஊர் வியாபாரத்தில் தமிழர் கை இருந்திருக்கிறது. போவது, இருப்பது என்று இரண்டே பாதைகள் இருப்பதாகத்தான் பயம் காட்டும். மூன்றாவதாக ஒரு மோரே இருக்கும் என்று 1964-இல் யாரும் கணக்குப் போட்டிருக்க முடியாது.

மூன்று வருஷக் கணக்கு

சரி, இவ்வளவு பயம் இருந்தும் லட்சக்கணக்கான தமிழர்கள் வங்கக் கடலைத் தாண்டி வந்தார்களே, எப்படி? 1931 மக்கள்தொகைக் கணக்கில் பர்மாவில் இந்தியர்கள் 10 லட்சத்துக்கும் மேல். ரங்கூனில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். அத்தனை பேரும் அஞ்சாநெஞ்சர்களாக இருந்திருக்க முடியாது. பயம் தாங்கும் அளவுக்கு அந்தப் பயணத்தை வெட்டிச் சிறிதாக்கும் ஏற்பாடுகள் அவர்களிடம் இருந்தன.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் செய்ததைப் பாருங்கள். லேவாதேவி என்ற வட்டிக்கடைத் தொழிலுக்காக ஒருவர் பர்மா போவதை அவர்கள் 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள். போகிறவர் பையனாக இருந்தால் பெட்டியடிப் பையன். அனுபவம் ஏற ஏற அடுத்தாள், பிறகு மேலாள். ஏஜண்டாகப் போகிறவருக்குத் தவணை பொதுவாக மூன்று வருஷம். சம்பளத்தில் ஒரு பகுதி கிளம்பும் முன்பே கைக்கு வந்துவிடும், அது வீட்டில் இருக்கும். ரங்கூனில் கப்பலிலிருந்து இறங்கினால் மொகல் தெருவில் நகரத்தார் தங்கித் தொழில் செய்யும் கிட்டங்கி இருக்கிறது. அதே கோயில் பிரிவைச் சேர்ந்த பெரியவர் இருக்கிறார், சாப்பாடு இருக்கிறது, பக்கத்தில் தண்டாயுதபாணி இருக்கிறார். மூன்று வருஷம் முடிந்ததும் கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். கொஞ்ச காலம் ஊரில் இருந்துவிட்டு வேண்டுமானால் மறுபடி போகலாம்.

பயத்தின் கண்ணால் இதை ஒருமுறை பார்த்தால் எவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு என்று தெரியும். "வாழ்நாள் முழுக்க எங்கே இருப்பது" என்ற கேள்வியே இதில் எழவில்லை. அடுத்த மூன்று வருஷம் எங்கே என்பதுதான் கேள்வி. அங்கே போய் என்ன ஆகும் என்று இருட்டில் யோசிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே போய்வந்த பத்துப் பேர் தெருவிலேயே இருந்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், திரும்பி வருவது விதியாகவே இருந்தது. மூன்று வருஷத்தில் திரும்பியவனைப் பார்த்து யாரும், "என்னப்பா, முடியாம வந்துட்டியா" என்று கேட்கவில்லை. போகிறவர்களின் பயத்தில் பெரும்பங்கு தோற்றுத் திரும்பும் அவமானத்தைப் பற்றியது. அந்தப் பங்கை இந்த ஏற்பாடு முழுசாக நீக்கிவிட்டது.

இதை நான் பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. இதே லேவாதேவியில்தான் 1930களின் பொருளாதார மந்தத்துக்குப் பிறகு கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் கால் பங்கு 1938-க்குள் செட்டியார்கள் கைக்கு வந்தது. பர்மிய விவசாயியின் மனக்கசப்பு அங்கிருந்து வளர்ந்தது. ஆலைக்கும் துறைமுகத்துக்கும் வந்த கூலித் தமிழருக்கோ கிட்டங்கி கிடையாது, மேஸ்திரிதான் இருந்தார். கப்பல் செலவை முன்பணமாகக் கொடுத்து அழைத்துவந்து, அதைக் கூலியில் பிடித்துக்கொண்டார். போகிற பயத்தை அவர் குறைத்தார், திரும்புகிற வழியைக் கடனால் அடைத்தார். இன்றைக்கும் வெளிநாட்டு வேலை ஏஜண்டுகள் பலர் செய்வது இதுதான். நம் பயத்தைக் குறைக்கிறேன் என்று யாராவது வந்தால், திரும்புகிற வழி யார் கையில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பயம் சரியாக இருக்கும்போது

எல்லாப் பயத்தையும் வென்றே தீர வேண்டும் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டதும் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் புரோம் சாலையில் நடக்கத் தொடங்கினார்கள். துறைமுக வேலை நின்றுவிடக் கூடாது என்று அவர்களைச் சமாதானப்படுத்தித் திரும்ப அழைத்துவந்தார்கள். பயப்படாதீர்கள், நகரம் பத்திரமாக இருக்கிறது என்றார்கள். 1942 மார்ச் 8-ஆம் தேதி ரங்கூன் விழுந்தது. அதற்குள் கப்பல் வழி அடைபட்டு, டாங்கப் கணவாய் வழியாகவும் தமு வழியாகவும் ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாகவும் மக்கள் நடந்தார்கள். நான்கைந்து லட்சம் பேர் வெளியேறியதில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் வழியிலேயே போனார்கள். அவர்களின் முதல் பயம் சரியான பயம்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? எனக்குத் தெரிந்த வழி, பயம் சுட்டுகிற பொருளைக் கேட்பது. "குண்டு விழுகிறது", "முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறாராம்", "மாப்பிள்ளை கை ஓங்குகிறார்" என்று விரல் நீட்டிக் காட்ட முடிந்தால் அந்தப் பயம் தகவல். அதைக் கேட்க வேண்டும், தைரியம் சொல்லி அடக்கக் கூடாது. "என்னவோ மாதிரி இருக்கு, எல்லாமே பயமா இருக்கு" என்றால் அது பெரும்பாலும் பழக்கமில்லாததன் பயம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் குறையும்.

என் தம்பி மகள் அப்படித்தான் சொன்னாள். ரங்கூனில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். சிங்கப்பூரில் வேலை கிடைத்து, பதில் சொல்ல முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா பயப்படுறே?"

"எல்லாத்துக்கும்தான் அத்தை."

"எல்லாம்னா என்னென்ன? எழுது, பார்ப்போம்."

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். அப்பாவுக்குச் சர்க்கரை, யார் கூட்டிக்கொண்டு போவது. பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதி ஆகிறது. இங்கிலீஷில் பேசும்போது வார்த்தை வராமல் நின்றுவிடும். வேலை போய்விட்டால் திரும்ப டிக்கெட் காசு. பேனாவை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, தாளின் அடியில், மற்றதைவிட அழுத்தி, இன்னொன்று எழுதினாள்: ஆறு மாசத்துல திரும்பி வந்துட்டா எல்லாரும் என்ன சொல்லுவாங்க.

எழுதிய பிறகு அவை ஒரே பயமாக இல்லை. பாஸ்போர்ட் ஒரு வேலை, போய் முடித்துவிடலாம். டிக்கெட் காசு ஒரு தொகை. அதை அம்மாவிடம் கொடுத்து, என்ன அவசரம் வந்தாலும் தொடக் கூடாது என்று சொல்லிவிடலாம். அப்பாவின் சர்க்கரைக்கு ஓர் ஆள் வேண்டும், அவளுடைய தம்பி பொறுப்பேற்றான். இங்கிலீஷ் போகப் போகத்தான் வரும். மேத்யூ லீபர்மன் குழு 2007-இல் வெளியிட்ட மூளைப் படச் சோதனைகளில், உணர்ச்சிக்கு ஒரு பெயர் சொல்லும்போதே அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. கேரி கிளைன் என்ற உளவியலாளர் அதே ஆண்டு எழுதிய ஒரு முறையும் இதற்கு உதவும். திட்டம் தோற்றுப்போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று முன்கூட்டியே எழுதிப் பார்ப்பது. "தோற்றால்?" என்று பயந்துகொண்டிருக்கும் மனதை "எதனால் தோற்றது?" என்று கேட்கவைத்தால் அது வேலை செய்யத் தொடங்கிவிடும்.

கடைசி வரிக்கு மட்டும் இதெல்லாம் போதவில்லை. மற்ற நான்கு பயங்களையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததே அதுதான் என்று எனக்குப் பட்டது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயத்தை நம்மவர்கள் நேராக ஒப்புக்கொள்வதில்லை. அப்பா உடம்பு, மொழி, சாப்பாடு என்று வேறு பெயர்களில்தான் வெளியே வரும். அதற்கு மருந்து அந்தப் பழைய மூன்று வருஷக் கணக்குதான். "போறேன்" என்று சொல்லாமல், "ரெண்டு வருஷ ஒப்பந்தத்துக்குப் போறேன், முடிஞ்சதும் வந்து உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுவோம்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லச் சொன்னேன். கெடு சொல்லிவிட்டுப் போகிறவள் திரும்பி வந்தால் அது ஏற்பாட்டின் ஒரு பகுதி. சொல்லாமல் போகிறவள் திரும்பி வந்தால் தோல்வி என்பார்கள். அதே பெண், அதே விமானம்.

பூக்கட்டிப் பார்ப்பதும் காசு சுண்டுவதும்

தம்பி மனைவி இதற்கிடையில் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னாள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக மடித்து அம்மன் முன் வைத்து ஒன்றை எடுக்கும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஸ்டீவன் லெவிட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கிட்டத்தட்ட இதையே ஆய்வாகச் செய்தார். வேலையை விடுவதா, பிரிவதா என்று தவித்தவர்களை இணையத்தில் காசு சுண்டிப் பார்க்கச் சொன்னார். 20,000-க்கும் மேற்பட்ட முறை காசு சுண்டப்பட்டது. 2021-இல் முடிவுகளை வெளியிட்டார். பெரிய விஷயங்களில் மாற்றத்தைத் தேர்ந்தவர்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, பழையபடி இருந்தவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள். தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் 1990களில் கண்டதும் இதற்கு அருகில் வருகிறது: முதலில் செய்ததற்கு அதிகம் வருந்துகிறோம், காலம் போகப் போகச் செய்யாமல் விட்டதற்கே அதிகம் வருந்துகிறோம்.

ஆனால் இந்த ஆய்வுகளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே இறக்கக் கூடாது. காசு சுண்டியவர்கள் ஏற்கெனவே இரண்டுக்கும் நடுவில் ஊசலாடியவர்கள். தவறினாலும் அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை போகாது, திரும்பும் வழி அடைபடாது. ஒரே பெண்ணின் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடும் ரங்கூன் வீட்டுக்கு நிலைமை வேறு. திருத்திக்கொள்ள முடிகிற முடிவா, முடியாத முடிவா என்பதைப் பொறுத்துத்தான் துணிச்சலின் அளவு இருக்க வேண்டும். முதல் வகையில் ரொம்ப யோசிப்பது வீண். இரண்டாவதில் யோசிப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

பூ விஷயத்துக்கு வருகிறேன். தம்பி மகள் எடுத்த பொட்டலத்தில் சிவப்பு வந்தது, வேண்டாம் என்று அர்த்தம். "இன்னொரு தடவை பார்க்கலாமா அம்மா?" என்று கேட்டாளாம். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவள் அம்மாவுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. ஒப்புக்கொண்டு பதில் அனுப்பினாள்.

பதில் அனுப்பிய ராத்திரி அவள் தூங்கவில்லை. இதையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது. முடிவெடுத்ததும் பயம் போய்விடாது, பலருக்கு முதல் சில மாதங்கள் கூடவே செய்யும். விட்டுவந்தது பளிச்சென்று தெரியும், வரப்போவது இன்னும் வந்திருக்காது. டேனியல் கில்பர்ட்டும் டிமதி வில்சனும் பல ஆண்டுகள் ஆராய்ந்ததில், எதிர்காலத் துன்பத்தின் அளவையும் நீளத்தையும் மனிதர் கூட்டியே கணிக்கிறார்கள் என்று தெரிந்தது. மனம் தேறும் வேகத்தை மனமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறது. ஆகவே அந்த முதல் மாதங்களில் வரும் "தப்புப் பண்ணிட்டேன்" என்ற எண்ணத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன்.

விமானம் ஏறுவதற்கு முன் என் தம்பி, அவன் மனைவி, அவள், மூன்று பேரும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் பேசிக்கொண்டார்கள். சம்பளம் இரண்டு மாதம் தொடர்ந்து வராவிட்டாலோ, பாஸ்போர்ட்டை யாராவது வாங்கி வைத்துக்கொண்டாலோ, யாரையும் கேட்காமல் அம்மாவிடம் இருக்கும் டிக்கெட் காசில் அன்றே கிளம்பிவிட வேண்டும். மற்ற எந்தக் காரணமானாலும் அடுத்த தீபாவளி வரை பொறுக்க வேண்டும். அன்றைக்குப் போனில் உட்கார்ந்து நான்கு விஷயம் பார்ப்பார்கள்: கையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, அப்பாவின் சர்க்கரை அளவு எப்படி, அவளுக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா, அங்கேயே இன்னொரு வருஷம் இருக்க அவளுக்கு ஆசை இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு அவள் மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும் என்று என் தம்பி சேர்த்துக்கொண்டான்.